கடைக்குட்டி கேட்ட தீவு

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பேரன் பிறந்து பள்ளிக்கூடமே போகிறான். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் நான்தான் கடைக்குட்டி. சாப்பிடப் போனால் எல்லோருக்கும் கரண்டி எடுத்து வைப்பது நான், தண்ணீர் ஊற்றுவது நான். மேசையில் கறி சுடும் அடுப்பு வைத்துவிட்டால் இடுக்கியும் கத்தரிக்கோலும் என் கையில்தான். மற்ற மூன்று பேரும் தின்று ஏப்பம் விட்ட பிறகு ஓரத்தில் கருகிக் கிடக்கும் துண்டு எனக்கு. மூத்தவர்கள் செத்தால்தான் எனக்குப் பதவி உயர்வு, அவர்களோ என்னைவிடத் திடமாக இருக்கிறார்கள்.

நாங்கள் நாலு பேரும் தேகு நகரச் சந்தையில் ஒரே வரிசையில் கடை வைத்திருக்கிறோம். மூத்தவர் ஒக்புன் அக்கா, மெத்தை போர்வைக் கடை, அறுபத்தேழு வயது. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வயதுதான் தேர்ந்தெடுத்தது. அடுத்தது பில்சூன் அக்கா, அரிசிப் பலகாரக் கடை. கடையில் விற்பது இனிப்பு, வாயிலிருந்து வருவது மிளகாய். மூன்றாவது சுனிம் அக்கா, காலுறைக் கடை. எதைக் கேட்டாலும் “எதுவானாலும் சரி” என்பார். வீடு பற்றி எரிகிறது, தண்ணீர் ஊற்றவா மண் போடவா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வார். நான் மல்சுக், கருவாடும் காய்ந்த கணவாயும் விற்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு நாலு பேரும் ஊர் சுற்றப் போவோம். பதினெட்டு வருஷமாகப் போகிறோம். பதினெட்டு வருஷமும் ஜேஜு தீவு. விமானத்தில் ஏறி ஒரு மிட்டாய் கரைவதற்குள் இறங்கிவிடலாம். அதே ஆரஞ்சுத் தோட்டம், அதே கல் தாத்தா சிலைக்குப் பக்கத்தில் அதே படம். இராத்திரி அதே கறுப்புப் பன்றிக் கறி, கத்தரிக்கோலோடு அதே நான். எல்லாப் படங்களையும் வரிசையாக அடுக்கினால் எங்கள் சுருட்டை முடி வெளுத்துக்கொண்டு வருவது மட்டும்தான் தெரியும்.

ஜேஜு அழகில்லை என்று சொல்லவில்லை. நாட்டில் பாதிப்பேர் அங்கேதான் தேனிலவு போகிறார்கள், சும்மாவா போவார்கள்? எனக்கு வேண்டியது உல்லுங். கிழக்குக் கடலில் தன்னந்தனியாக, நெட்டுக்குத்தாக நிற்கிற ஒரு மலைத்தீவு. கப்பலில் மூன்றரை மணி நேரம் போக வேண்டும். காற்று கொஞ்சம் முறைத்தால் அந்தக் கப்பலும் கிடையாது.

எதற்கு இந்த ஆசை என்றால், என் கடைப் பலகையில் இருபத்தாறு வருஷமாக “அசல் உல்லுங் கணவாய்” என்று எழுதியிருக்கிறது. சரக்கு அசல்தான், அதில் குறை சொன்னால் சண்டைக்கு வருவேன். விற்கிறவள்தான் அதுவரை அந்தத் தீவைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருஷம், புத்தாண்டு முடிந்து சந்தை திறந்த முதல் வாரம், ஒரு சின்னப் பெண் வந்து கணவாயை முகர்ந்து பார்த்தாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“நேரா தீவுலருந்து வருதும்மா. என்ன ஊரு தெரியுமா! அலை, காத்து, நீளமா வெள்ளை மணல். அந்த மணல்லதான் காயப்போடுவாங்க.”

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் உல்லுங்ல பொறந்தவதான் அக்கா. எங்க ஊர்ல மணலே கிடையாது. எல்லாம் கூழாங்கல்லு.”

எதிர்க்கடைக்காரன் கேட்டுவிட்டான். அன்று முழுவதும் போகிற வருகிறவனிடமெல்லாம் “அக்கா கடையில மணலும் கிடைக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதே மத்தியானம்தான் எங்கள் கூட்டத்தின் வருஷாரம்பச் சாப்பாடு. சந்தை முனையில் இருக்கும் சீனாக்காரர் ஹோட்டல். ஒக்புன் அக்கா சாப்பாட்டு அட்டையைத் திறக்காமலே “எனக்குக் கறுப்பு நூடுல்ஸ்” என்றார். பில்சூன் அக்கா, “அதே.” சுனிம் அக்கா, “எதுவானாலும் சரி.” எனக்குக் காரமான சிவப்பு நூடுல்ஸ் மேல்தான் உயிர். ஆனாலும் “எனக்கும் அதே” என்றேன். மூத்தவர் ஒன்று சொன்ன பிறகு இன்னொன்று கேட்டால் சமையல்காரருக்கு இரண்டு வேலை, மூத்தவருக்கு ஒரு அவமானம். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் ஒக்புன் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்போ இந்த வருஷமும் ஜேஜுதானே? யாருக்காவது வேற எடம் தோணுச்சுன்னா தாராளமாச் சொல்லுங்க” என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. இது கேள்வியே இல்லை, வாய் துடைக்கிற காகிதம் மாதிரி ஒரு மரியாதை. “அட, நீங்க சொன்னாச் சரிதான் அக்கா” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து மணல் மணல் என்று காது எரிந்துகொண்டிருந்தது.

“உல்லுங்” என்றேன்.

பில்சூன் அக்காவின் முள்ளங்கித் துண்டு பாதி வழியில் நின்றது. சுனிம் அக்கா தன் காலைப் பார்த்தார். ஹோட்டல்காரர்கூட அடுப்பைக் குறைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

“என்னது?” என்றார் ஒக்புன் அக்கா.

“உல்லுங் தீவு அக்கா. தாராளமாச் சொல்லுன்னீங்க, அதான் சொல்றேன்.”

“தாராளமாச் சொல்லுன்னா சொல்லிருவியா?” என்று பாய்ந்தார் பில்சூன் அக்கா. “அது என்னடி அந்தத் தீவுல? ஏறினா மலை, இறங்கினா கடல். நிமிர்ந்து நிக்க எடம் கிடையாது. ஜேஜுல மெத்தை மாதிரி தரை. என் முட்டிக்கு நீயா பதில் சொல்லுவே?”

“உங்க முட்டி நேத்து ரெண்டு படி மேல ஏறி அரிசி மூட்டை எறக்குச்சே, நான் பாக்கலியா?”

“பாத்தீங்களா அக்கா, வாய! கணவாய் விக்கறவளுக்கு வாயும் பத்துக் காலோட முளைச்சிருக்கு.”

ஒக்புன் அக்கா கையைத் தூக்கினார். சண்டை நின்றது. “சரி, கேட்டுட்டா. பில்சூன், உனக்கு?” “ஜேஜு.” “சுனிம்?” “எதுவானாலும் சரி.” ஒக்புன் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கத்தி இருந்தது. “ஓட்டு வேண்டாம். ஓட்டுன்னா நான் அமுக்கிட்டேன்னு சந்தை பூராச் சொல்லுவே. வர்ற பௌர்ணமிக்கு என் கடை வாசல்ல யுத் போடுவோம். நானும் பில்சூனும் ஒரு பக்கம். நீயும் சுனிமும் ஒரு பக்கம். ஜெயிக்கிறவங்க சொல்ற தீவு. தோத்தவங்க அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாது. சம்மதமா?”

ஆயுசுக்கும் என்ற சொல்லில்தான் பொறி இருந்தது. ஒக்புன் அக்கா யுத் ஆட்டத்தில் சந்தைக்கே ராணி. கட்டைகள் அவர் பேச்சைக் கேட்கும், புருஷன்கூட அவ்வளவு கேட்டதில்லை. என் பக்கத்திலோ எதுவானாலும் சரி. மறுத்தால் அன்றோடு முடிந்தது, ஆடித் தோற்றாலும் முடிந்தது. “சம்மதம்” என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் எழுந்து தண்ணீர் ஊற்றினேன், கை பழக்கம்.

பௌர்ணமி அன்று மத்தியானம் போர்வைக் கடை வாசலில் எள் போட்டால் விழாத கூட்டம். மணல் கதை சொன்ன எதிர்க்கடைக்காரன் நடுவர். தரையில் வைக்கோல் பாய், அதற்குப் பக்கத்தில் கட்டம் வரைந்த துணி. பக்கத்துக்கு இரண்டு காய்.

யுத் என்பது நாலு கட்டை. ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. எத்தனை தட்டை மேலே விழுகிறதோ அத்தனை அடி நகரலாம், எல்லாமே உருண்டையாக விழுந்தால் ஐந்து. எதிராளியின் காய் நிற்கிற இடத்தில் போய் நின்றால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும், வெட்டினவருக்கு இன்னொரு எறி. சுற்றி வந்து, புறப்பட்ட மூலையையே தாண்டிப் போனால் காய் பழம். மூலையில் வந்து நின்றால் போதாது, தாண்ட வேண்டும். இன்னும் ஒன்று: ஒரு கட்டையின் தட்டைப் பக்கத்தில் மட்டும் பெருக்கல் குறி போட்டிருக்கும். அது தனியாகத் தட்டையாக விழுந்தால் காய் ஓரடி பின்னால் போக வேண்டும். அது விழுந்தவரைச் சந்தை சும்மா விடாது.

முதல் காய் எங்களுக்கும் பழுத்தது, அவர்களுக்கும் பழுத்தது. அதுவரை பரவாயில்லை. பக்கத்துக்கு ஒரு காய் மிச்சம். என் காய் முக்கால் சுற்று வந்து, இன்னும் நாலடி இருக்கிறது என்று நான் மனசுக்குள் கப்பல் ஏறிவிட்டேன். ஒக்புன் அக்கா கட்டைகளை உள்ளங்கையில் உருட்டி, கண்ணை மூடி, மேலே தூக்கிப் போட்டார். மூன்று. அவர் காய் நேராக வந்து என் காயின் தலையில் உட்கார்ந்தது.

“வெட்டு!” என்று பில்சூன் அக்கா எழுந்து ஆடினார். “போ, போ, உல்லுங் கணவாய் மறுபடி கடலுக்குப் போ!”

கூட்டம் கெக்கலி கொட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, ஆனால் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல மறைத்துக்கொண்டேன். வெட்டினதற்கு இன்னொரு எறி அவர்களுக்கு. பில்சூன் அக்கா எறிந்தார், நாலு. நாலு விழுந்தால் இன்னும் ஓர் எறி உண்டு, அதற்குள் அவர்கள் காய் நாலடி நடந்து சரியாகப் புறப்பட்ட மூலையில் வந்து நின்றுவிட்டது. இனி ஒரே ஓர் அடி விழுந்தாலும் பழம். ஒக்புன் அக்கா கட்டைகளை வாங்கினார். கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ராணி அல்லவா, சும்மா போட மனசு வரவில்லை, ஆள் உயரத்துக்கு வீசினார். மூன்று கட்டை பாயில் விழுந்தது. நாலாவது பாயின் விளிம்பில் குதித்து, வெளியே உருண்டு, ஒரு கிழவரின் செருப்பில் போய் முட்டியது.

“பாயை விட்டுப் போச்சு! எறி செல்லாது!” என்று கத்தினான் நடுவர். அவனை அன்றுதான் முதல்முதலாக எனக்குப் பிடித்தது.

சுனிம் அக்கா எறிந்தார். ஒன்று. எங்கள் காய் புறப்பட்டு ஓரடி வைத்து நின்றது. கூட்டத்தில் யாரோ “அங்கேயே ஒரு வீடு கட்டிக்க” என்றார்கள். பில்சூன் அக்கா முறை. அவர் கையில் கட்டை, வாயில் சிரிப்பு. “ஜேஜுல இந்தத் தடவை எந்தச் சிலை பக்கத்துல நிக்கணும்னு இப்பவே சொல்லிரு மல்சுக்” என்று என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே எறிந்தார். பேச்சில் கவனம். ஒரு கட்டை பாய் ஓரத்தில் தள்ளாடி, நின்று, யோசித்து, வெளியே விழுந்தது.

“அடியேய்!” என்று ஒக்புன் அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்குள் அடி விழுந்ததைப் பார்த்தேன்.

என் முறை. ஐந்து ஐந்தாக இரண்டு தடவை விழுந்தால்கூட ஊர் போய்ச் சேராத தூரத்தில் என் காய். நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கோபத்தோடு போட்டேன். மூன்று உருண்டை. ஒரு தட்டை. அந்தத் தட்டையில் பெருக்கல் குறி.

“பின்னாடி! பின்னாடி!” என்று சந்தையே ஊளையிட்டது. “போனதே ஓரடி, அதுலயும் பின்னாடி போறா!” பில்சூன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒக்புன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆட்டக்காரி, அவருக்குத்தான் முதலில் புரிந்தது. நான் காயை எடுத்து ஓரடி பின்னால் வைத்தேன். ஓரடி பின்னால் என்றால் புறப்பட்ட மூலை. அந்த மூலையில்தான் அவர்கள் காய் ஒய்யாரமாக நின்றுகொண்டிருந்தது.

“வெட்டு,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “வெட்டு அக்கா! எடுங்க உங்க காய!”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார்கள். பில்சூன் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. வெட்டினதற்கு எங்களுக்கு ஓர் எறி. என் காய் நிற்பதோ பழமாகும் மூலையில். கட்டை பாயை விட்டு ஓடாமல், அந்தப் பெருக்கல் குறி மறுபடி தனியாக விழாமல் இருந்தால் போதும், வேறு எது விழுந்தாலும் தாண்டிவிடும். முறைப்படி எறி சுனிம் அக்காவுடையது.

அப்போதுதான் ஒக்புன் அக்கா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பாலும் தேனுமாக ஒரு குரலில், “சுனிம், அவசரமே இல்ல. நீ யார் மனசையும் நோகடிக்க மாட்டே, எனக்குத் தெரியும். கொஞ்சம் வெளிய உருண்டாக்கூட யாரும் உன்னத் தப்பாப் பேச மாட்டாங்க. உனக்குத்தான் எதுவானாலும் சரியாச்சே” என்றார்.

சுனிம் அக்கா கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

“எதுவானாலும் சரி இல்லக்கா,” என்றார் மெதுவாக. “எனக்கு மலை ஏறணும். சின்ன வயசுலருந்து ஏறணும். ஜேஜுல மலை இருக்குதான், நீங்க ஒரு தடவைகூடப் பஸ்ஸ நிறுத்தவே இல்லியே. எனக்கு உல்லுங்.”

சொல்லிவிட்டுக் கட்டைகளைப் பாயின் நட்டநடுவில், தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போலப் போட்டார். மூன்று தட்டை. காய் பழம். அவரைக் கட்டிக்கொண்டு நான் போட்ட கூச்சலில் மீன்காரத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று.

இத்தோடு முடிந்திருந்தால் வெறும் ஆட்டத்தில் ஜெயித்த கதை. அடுத்த ஐந்து நாள் ஒக்புன் அக்கா என் கடைப் பக்கமே வரவில்லை. ஆறாம் நாள் காலையில் வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்காமலே ஒரு கணவாய்க் காலைப் பிய்த்து மென்றார். நான் பில்சூன் அக்காவைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“எனக்குக் கப்பல்னா பயம்டி,” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இருபது வயசுல போஹாங்ல ஒரு மாப்பிள்ளை பாத்தாங்க. நல்ல பையன், கூட்டுறவுச் சங்கத்துல வேலை. படகுல ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறேன்னாரு. போன பத்தாவது நிமிஷம் அவரு வெள்ளைச் சட்டை மேலயே வாந்தி. அந்தச் சம்பந்தம் அத்தோட போச்சு. அன்னிலருந்து நான் எந்தப் படகுலயும் கால் வெச்சதில்ல. ஜேஜுன்னா விமானம். அதான் பதினெட்டு வருஷமும் ஜேஜு. உங்க மூணு பேர் முன்னாடி நான் அப்படிக் கெடந்தேன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கள அதட்டுறது?”

எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. சந்தையே நடுங்குகிற மனுஷி, என் முக்காலியில் உட்கார்ந்து கணவாய்க் காலை மெல்லக்கூட முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். “சரி அக்கா, ஜேஜுவே போகலாம்” என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வருஷமாக அந்த நாக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் பழகியிருக்கிறது. அதைச் சொன்னால் அவர் நிம்மதியாகப் போவார், எனக்கு நல்ல பெயர் கிடைக்கும், செத்த பிறகு நல்ல பெண் என்பார்கள். செத்த பிறகு என்னை யார் உல்லுங் கூட்டிக்கொண்டு போவார்கள்?

“இல்லக்கா,” என்றேன். “நாம உல்லுங்தான் போறோம். வாந்தி வந்தா என் மடியில எடுங்க. மத்தவங்க பாக்காத மாதிரி நான் மறைச்சு உக்காந்துக்கறேன். ஆனா தீவ மாத்த மாட்டேன்.”

ஒக்புன் அக்கா வாயிலிருந்த கணவாய்க் காலை மென்று விழுங்கினார். “திமிருடி உனக்கு,” என்றார். எழுந்து வாசல் வரை போனார். திரும்பி, “காதுக்குப் பின்னாடி ஏதோ ஒட்டறாங்களாமே, அது கேக்குமா?” என்றார்.

“கேக்கும். ரெண்டு பக்கமும் ஒட்டிருவோம்.”

அக்டோபரில் போஹாங்கில் கப்பல் ஏறினோம். துறைமுகம் தாண்டிய அரை மணியில் கடல் தன் வேலையைக் காட்டியது. கப்பல் எழும்பி எழும்பி விழுந்தது. சுற்றிலும் காகிதப் பை திறக்கிற சத்தம். ஏறும்போது சவடால் அடித்துக்கொண்டிருந்த பில்சூன் அக்கா நாலு பை நிரப்பினார், ஐந்தாவதற்கு என் கைப்பையைக் கேட்டார். சுனிம் அக்கா தூங்கிவிட்டார். ஒக்புன் அக்கா இரண்டு காதிலும் பட்டை ஒட்டி, கண்ணை இறுக மூடி, மூன்றரை மணி நேரமும் என் கையைப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு வாந்தி இல்லை. என் கைதான் வீங்கிவிட்டது. கப்பல் நின்றதும் ஒரு கண்ணைத் திறந்து, “வந்துருச்சா? இவ்வளவுதானா?” என்றார். பிறகு பில்சூன் அக்காவைப் பார்த்தார். “ச்சீ, என்னடி இது, சின்னக் குழந்தையாட்டம்?” அவர் குரலில் நாற்பத்தேழு வருஷத்துக் கல் இறங்கியது எனக்கு மட்டும் கேட்டது.

தீவைப் பற்றி நான் என்ன சொல்ல? துறைமுகத்தில் கால் வைத்தால் மூக்குக்கு நேரே மலை. கூழாங்கல் கரையில் அலை திரும்பும்போது கல்லெல்லாம் கடகடவென்று பேசுகிறது. நான் ஒரு பிடிக் கல்லை எடுத்து, மணலே இல்லையென்று எதிர்க்கடைக்காரனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கரையோரம் முழுக்க இருபது இருபதாக மூங்கில் குச்சியில் கோர்த்த கணவாய், வெயிலில் கண்ணாடி போலத் தொங்கியது. காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் இருபத்தாறு வருஷமாக உங்கள் சரக்கைத்தான் விற்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு பக்கம் இழுத்து நிறுத்தி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, கணவாய்களின் கால்களைப் பிரித்துவிடச் சொன்னாள். ஒரு மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை. சிப்பி போட்டு வேகவைத்த சோற்றைப் பில்சூன் அக்கா மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, “சுமார்தான்” என்றார். மலை ஏறுவதை மூன்றாம் நாளுக்கு வைத்திருந்தோம். சுனிம் அக்கா அதற்காகப் புதுக் காலுறை போட்டு, கழற்றி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் விடுதிக்காரர் கதவைத் தட்டினார். காற்று வருகிறதாம், துறைமுகத்துக்கு உடனே போகச் சொன்னார். பைகளை அள்ளிக்கொண்டு ஓடினோம். டிக்கெட் ஜன்னலில் ஒரு இளம்பெண், முன்னால் நீளமான வரிசை.

“சாயங்காலக் கப்பல் கிடையாது,” என்றாள். “இப்ப பத்து மணிக்கு ஒண்ணு கிளம்புது, உங்க நாலு பேருக்கும் எடம் மாத்தித் தர்றேன். இத விட்டா அடுத்தது மூணு நாளோ, நாலு நாளோ, சொல்ல முடியாது. பின்னாடி ஆள் நிக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க. உங்க குழுவுக்குத் தலைவி யாரு?”

நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல ஒக்புன் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கடலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். பிறகு என் முதுகில் கை வைத்து, ஜன்னலுக்கு முன்னால் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

“இவதான். இவளக் கேளும்மா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பில்சூன் அக்கா பின்னாலிருந்து, “மல்சுக், என் கடை, கல்யாணப் பலகாரம் சொல்லியிருக்காங்க, நாலு நாள்லாம் ஆகாதுடி” என்று என் முழங்கையைக் கிள்ளினார். சுனிம் அக்கா புதுக் காலுறையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று முகத்துக்கும் மூன்று பதில் தேடி, கடைசியில் யாருக்கும் வலிக்காத ஒன்றைச் சொல்வேன். நான் திரும்பவில்லை.

“அந்த நாலு எடத்தையும் வேற யாருக்காவது குடும்மா,” என்றேன். “நாங்க இருக்கோம். இன்னிக்கு மலை ஏறப் போறோம்.”

“ஐயோ, என் கடை!” என்றார் பில்சூன் அக்கா.

“பேசாம வாடி. அவ சொல்லிட்டா,” என்றார் ஒக்புன் அக்கா. குனிந்து தரையில் கிடந்த பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அது அவருடைய பை இல்லை, என்னுடையது. நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு மலைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.